இந்த அறையில் ஆள் உறங்குவதில்லை

"சைக்கிளைச் சாய்ச்சு வைடா. நேரா நிறுத்தினா நேத்து ஓட்டின வண்டி மாதிரி இருக்கு," என்றார் கட்டிலில் கிடந்தவர். அந்த இரண்டு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு நடுவில் அறுந்து அறுந்து ஒட்டியது.

மகன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். பார்த்தால் டயரில் காற்று விண்ணென்று இருந்தது. மருமகள் குனிந்து அதைப் பிடுங்கிவிட்டாள். உஸ்ஸென்று காற்று இறங்கியதும் கிடந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்குவதற்குள் வீடே கட்டிலைச் சுற்றி நின்றது.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆளாளுக்கு வேலையைப் பாருங்க. பெயின்ட் டப்பா எங்க? பெயின்ட் டப்பா இல்லாத ஸ்டோர் ரூம் எந்த ஊர்ல இருக்கு?"

வெளியாள் யாராவது பார்த்திருந்தால் இதென்ன பைத்தியக்கார வீடு என்று திரும்பிப் போயிருப்பார்கள். ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறார். நர்ஸ் முந்தாநாளே மகனைத் தனியே கூப்பிட்டு, சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவரைச் சுற்றி இவர்கள் ஓட்டை வாளியையும் உடைந்த மேஜை விசிறியையும் கட்டுப் பிரிந்த பழைய பாயையும் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவரும் இங்கே வை, அங்கே வை என்று கல்யாண வீட்டுப் பெரிய மனுஷர் மாதிரி உத்தரவு போடுகிறார். அவர் மனைவியோ வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பரீட்சை எழுதப்போகிற பிள்ளைக்கு வண்டி வரவில்லையே என்று தவிக்கிற தாய் போல.

பரீட்சைதான். அன்றைக்குக் கவுன்சில் ஆபீசிலிருந்து அந்த அறையைப் பார்க்க ஆள் வருகிறார்கள்.

அவரைத் தெருவில் எல்லோரும் ரொட்டிக்காரர் என்பார்கள். ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை. ஊர் உறங்கப் போகும்போது மாவு பிசையப் போவார். ஊர் எழுந்து பல் துலக்கும்போது காது மடல் வரைக்கும் மாவோடு வந்து சேருவார். அதற்கப்புறம்தான் அவருக்கு ராத்திரி. ஆனால் வீட்டில் இருந்ததோ முன்னறையும் ஒரு படுக்கை அறையும். முன்னறையில் அவள் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். பிள்ளை கத்துவான். அளவு கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே கதை பேசுவார்கள். இரண்டு வருஷம் தலையணையால் காதை அடைத்துக்கொண்டு புரண்டு பார்த்தார். அப்புறம் ஒரு லீவு நாளில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். யாரிடமும் கேட்கவில்லை. கவுன்சிலிடமும் கேட்கவில்லை, கட்டினவளிடமும் கேட்கவில்லை.

லீவு நாள் லீவு நாளாகச் செங்கல் அடுக்கி ஒரு அறை எழுப்பினார். பகலில் தூங்குகிறவனுக்கு வெளிச்சம் எதற்கு என்று ஜன்னலை மட்டும் தபால் பெட்டியின் வாய் மாதிரி அகலமாக, உயரமில்லாமல் வைத்தார். "இது ரூமா, குகையா?" என்று அவள் கேட்டதற்கு, "கதவைச் சாத்திட்டு உள்ள வந்து பாரு, நட்டநடு ராத்திரி மாதிரி இருக்கும்," என்று பெருமையடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் வாயில் அது குகைதான்.

குகை என்று கிண்டல் செய்தாளே ஒழிய, முப்பது வருஷம் அந்தக் குகைக்குக் காவல் இருந்தவள் அவள்தான். காலிங் பெல்லுக்குள் பஞ்சைத் திணித்து வைத்தாள். சாமான் விற்க வருகிற வண்டிக்காரர்களைத் தெருமுனையிலேயே மறித்து, "அந்தப் பக்கம் போய்க் கத்துப்பா, எங்க வீட்ல தூங்குறாங்க," என்று திருப்பி அனுப்பினாள். பக்கத்து வீட்டில் கல்யாணத்துக்கு மைக்செட் கட்டியபோது நேரே போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தாள், அந்த வீட்டோடு அப்புறம் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. தையல் மெஷினைக்கூட முன்னறையின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய், அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டுத்தான் மிதித்தாள். பகலெல்லாம் அந்த வீட்டில் எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள். மகன் பேசக் கற்றுக்கொண்டதே கிசுகிசுவென்றுதான் என்று அவள் தமாஷாகச் சொல்வாள்.

இப்படி முப்பது வருஷம் யார் கண்ணிலும் படாத அறை, கவுன்சில்காரர்கள் மேலேயிருந்து ஊரைப் படம் பிடித்தபோது மாட்டிக்கொண்டது. அனுமதியில்லாமல் கட்டிய கட்டடம், முறைப்படி சான்றிதழ் வாங்கு, இல்லாவிட்டால் இடி என்று நோட்டீஸ் வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு, மூச்சுத் திணறலுக்காக அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "பாரேன், நம்ம ரூம் வானத்துல இருந்து தெரியுதாம்!" என்றார். மாவுத் தூசி தின்று தீர்த்த நுரையீரலை வைத்துக்கொண்டு அந்த மனுஷனுக்கு அன்றைக்கு எத்தனை சந்தோஷம்!

ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றதும், "என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்று வந்துவிட்டார். வந்ததிலிருந்து ஒரே பேச்சுதான். "நான் இருக்கும்போதே பாஸ் ஆயிரணும். பாஸ்னு ஒரு வாய் சொல்லிக் கேட்டுட்டா போதும்."

அதற்குத்தான் பிளான்காரரைப் பிடித்தார்கள். வரைபடம் போட்டு, கவுன்சிலுக்கு நடையாய் நடந்து சான்றிதழ் வாங்கித் தருவது அவர் தொழில். வாயில் எந்நேரமும் இருமல் மிட்டாய், எதைக் கேட்டாலும் நோ ப்ராப்ளம். ஆனால் ஜன்னலைப் பார்த்ததும் அவருக்கே மிட்டாய் தொண்டையில் சிக்கியது. "அக்கா, இதை பெட்ரூம்னு கொடுத்தா ஜென்மத்துக்கும் பாஸ் ஆகாது. ஸ்டோர் ரூம்னு போட்டுருவோம். சாமான் வைக்கிற ரூமுக்கு ஜன்னலைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. ஆள் படுத்திருக்கிற மாதிரி மட்டும் தெரியக்கூடாது. அவ்வளவுதான், நோ ப்ராப்ளம்."

ஆக, ஏற்பாடு இதுதான். கவுன்சில் ஆள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ரொட்டிக்காரரை மெத்தையோடு தூக்கி முன்னறையில் கிடத்துவது, கட்டிலை மடக்கி ஓரமாக வைப்பது. அசைக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவரேதான், "பரவாயில்லடா, பரீட்சை முடியற வரைக்கும் ஹாலுக்கு வெளிய உக்காந்திருக்கேன்," என்று தைரியம் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் ஏற்கெனவே தேதியைத் தள்ளிப்போடச் சொல்லித் தவணை மேல் தவணை வாங்கியாகிவிட்டது. இன்றைக்குத்தான் கடைசி.

அவள் வாசலை விட்டு நகரவில்லை. தெருவில் எது வந்தாலும் திக்கென்றது. கவுன்சில் வண்டி என்று நினைத்துப் பால் வண்டிக்கு ஒரு தடவை கை கூப்பிவிட்டாள். உள்ளேயிருந்து பிளான்காரர், "அக்கா, வண்டி முனையில திரும்பினதும் ஒரு குரல் கொடுங்க, அண்ணனைத் தூக்கிருவோம்," என்றார்.

"எனக்குத் தெரியாதா? கண்ணு என்ன பின்னாலயா இருக்கு?"

பின்னால் இருந்திருக்கலாம். அஸ்திவாரத்தைப் பார்ப்பதற்காகப் பின்பக்கம் ஒரு குழி தோண்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். கவுன்சிலிலிருந்து வந்தவள் முதலில் அதைப் பார்த்துவிடலாம் என்று பின்பக்கச் சந்து வழியாக நேரே உள்ளே வந்துவிட்டாள். குழியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவள், அந்தத் தபால் பெட்டி ஜன்னலில் முகத்தை வைத்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேம்மா, வாங்க வாங்க!" என்றார் ரொட்டிக்காரர்.

பிளான்காரர் தலையில் கை வைத்தது வாசல் வரைக்கும் கேட்டது. வாசலில் நின்ற மனைவி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகன் கையில் தலையணை. மருமகள் அவசரத்தில் மாமனாரின் காலை ஒரு கோணிப்பையால் மூடிக்கொண்டிருக்கிறாள். அறையின் வாசற்படியில் தலையில் ஹெல்மெட்டும் காலில் பூட்ஸுமாக ஒரு பெண் நிற்கிறாள். நம் மருமகள் வயதுதான் இருக்கும்.

"ஸ்டோர் ரூம்தான் மேடம்," என்றார் பிளான்காரர், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "அண்ணன் ஏதோ சாமான் எடுக்க வந்தார். லேசா மயக்கம். அப்படியே படுத்துட்டார்."

அந்தப் பெண் கட்டிலைப் பார்த்தாள், மருந்து பாட்டில்களைப் பார்த்தாள். அவர் மூக்கில் போகிற குழாயைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போய் மூலையில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரில் நிறுத்தினாள். "அதுவும் சாமான்தானா?"

"காலி சிலிண்டர் மேடம்."

சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரருக்குத் தாங்கவில்லை, கோணிப்பைக்கு அடியில் குலுங்கினார். மருமகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். கவுன்சில் பெண்ணின் உதடும் ஒரு பக்கமாக இழுத்ததை ரொட்டிக்காரரின் மனைவி கவனித்தாள். அப்பாடா, மனுஷிதான் என்று இருந்தது.

"வேணும்னா நான் இன்னொரு..." என்று அந்தப் பெண் தொடங்கினாள்.

"வேண்டாம்மா," என்றார் ரொட்டிக்காரர். "பாருங்க. இப்பவே பாருங்க. நானே கட்டினது. ரொட்டிக் கம்பெனிக்காரன். மாவு பிசைஞ்ச கைக்குச் சிமெண்டு பிசைய வராதா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையைத் திறந்து அளக்கிற கருவியை எடுத்தாள்.

மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது, ஆனால் கண் இரண்டும் பளபளவென்று அந்தப் பெண் போகிற பக்கமெல்லாம் போயிற்று. நிச்சயதார்த்தத்தன்று அவள் காப்பி கொண்டுவந்தபோதுகூட அந்தக் கண் இப்படிப் பளபளத்ததில்லை என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"அஸ்திவாரம் பார்த்துட்டேன். ஆழம் போதும். சரி," என்றாள் அந்தப் பெண், தனக்குத் தானே சொல்வதுபோல.

அவர் அவள் விரலை அழுத்தினார். கேட்டியா என்று அர்த்தம். கேட்டேன் என்று அவளும் அழுத்தினாள்.

அந்தப் பெண் சுவரில் ஒரு கம்பியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். "சுவர் நேரா இருக்கு. சரி."

ஒரு அழுத்து. பிளான்காரர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். மகன் தன்னையறியாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், அப்பாவின் முகம் மலர்ந்தது. எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கிறவர்களைப் போல.

அந்தப் பெண் ஏணியில் ஏறினாள். கூரைக் கட்டைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். எல்லோர் முகமும் மேலே. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பயத்தில் மூடிக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். அந்தக் கூரையைப் பற்றி மட்டும் அவருக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு.

"கூரை சரி."

அழுத்து வந்தது. லேசாக, விரல் நுனியில். அவளுக்கு எழுந்து கை தட்டவேண்டும்போல் இருந்தது. "பாத்தீங்களா, நான் சொல்லலை?" என்று அவர் காதில் கிசுகிசுத்தாள்.

அந்தப் பெண் இறங்கி மின்சார ஒயர்களைப் பார்க்கப் போனாள். ஸ்விட்சைக் கழற்றினாள், மாட்டினாள். "ஒயரிங் சரி."

அவள் காத்திருந்தாள். விரல் அசையவில்லை.

தூங்கிவிட்டார்போல என்று நினைத்துக்கொண்டாள். பகல்தானே, தூங்குகிற நேரம்தானே. சுவரின் அடிப்பக்கம் ஏதோ ஒரு பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஈரமும் இல்ல. சரி," என்றது குரல். அவளே இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். அந்தக் கை அப்படியே கிடந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். போர்வை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சிலிண்டர் மட்டும் தன்பாட்டுக்குச் சீறிக்கொண்டிருந்தது.

ஒரு சத்தம் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே பிடித்து நிறுத்தினாள். மற்றவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடும். பாதிப் பரீட்சையில் மணி அடித்த மாதிரி ஆகிவிடும். கூடாது, முழுசும் முடியட்டும், மனுஷன் எதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாரோ அது முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கையை விடவே இல்லை.

"முடிஞ்சுது," என்றாள் அந்தப் பெண், ஹெல்மெட்டை லேசாகத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "கட்டட வேலையில ஒரு குறையும் இல்ல. ஸ்டோர் ரூம்னா இப்பவே பாஸ் போட்டுரலாம்."

"பாஸ்!" என்று பிளான்காரர் இரண்டு கையையும் தூக்கினார். மகன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அப்பா, பாஸ்பா!" என்று திரும்பியவனிடம் அவள், "மெதுவாடா," என்றாள். தூங்குகிறார் என்று நினைத்து அவனும் குரலைத் தணித்துக்கொண்டான். அந்த வீட்டில் அது பழக்கம்தானே.

"ஒரு உறுதிமொழி மட்டும் வேணும். வீடு அம்மா பேர்ல இருக்கு, அம்மாதான் கையெழுத்துப் போடணும்." அந்தப் பெண் அட்டையில் செருகிய தாளை நீட்டினாள். மகன் வாங்கி, சந்தோஷத்தில் சத்தமாகவே படித்தான். "இந்த அறை பொருள்கள் வைப்பதற்கு மட்டுமே. இந்த அறையில் ஆள் உறங்குவதில்லை. இதுவரை உறங்கியதும் இல்லை என உறுதி கூறுகிறேன்."

பேனாவை வாங்க வேண்டுமானால் அவர் கையை விட வேண்டும். அவள் விடவில்லை.

"அத்தை, போடுங்க," என்றாள் மருமகள்.

"இன்னொரு தடவை படி."

"அம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி..."

"படிடா!"

அவன் படித்தான். ஆள் உறங்குவதில்லை. இதுவரை உறங்கியதும் இல்லை. அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அப்படியொரு கோபம் வந்தது. உறங்கியதில்லையா? அப்படியானால் அவள் யாருக்காகத் தெரு முழுக்கச் சண்டை போட்டாள்? யாருக்காக முப்பது வருஷம் சொந்த வீட்டில் திருடி மாதிரி நுனிக்காலில் நடந்தாள்? சிரிக்கிற நேரத்தில் சிரிக்காமல், கத்துகிற நேரத்தில் கத்தாமல் ஒரு குடும்பத்தையே அடக்கி வைத்திருந்தாளே, அதெல்லாம் ஓட்டை வாளிக்காகவா?

"இது பெட்ரூம்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம்.

பிளான்காரருக்கு மிட்டாய் உள்ளே போய்விட்டது. "அக்கா! என்னக்கா சொல்றீங்க?"

"இந்த மனுஷன் தூங்குறதுக்குன்னு கட்டின ரூம். முப்பது வருஷம் இதுலதான் தூங்கினார். நான் காவல் இருந்தேன். பொய்க் கையெழுத்து நான் போட மாட்டேன்."

"அம்மா, உனக்கு என்ன ஆச்சு? பாஸ் ஆயிருச்சும்மா! பெட்ரூம்னு சொன்னா மொத்தமா இடிச்சுருவாங்கம்மா! அப்பா ஆசைப்பட்டதே இதுக்குத்தானே? எழுந்ததும் கேட்டா என்ன சொல்லுவ?"

"கேக்க மாட்டார்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "போயிட்டார்டா. கூரை சரின்னு சொன்னாங்களே, அது வரைக்கும் கேட்டார்."

கவுன்சில் பெண் இரண்டு கையாலும் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முதலில் உடைந்தது யார் என்கிறீர்கள், பிளான்காரர்தான். "அண்ணே!" என்று பெயின்ட் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதார். மகன் கட்டில் காலடியில் மண்டியிட்டு, அப்பாவின் பாதத்தின் மேல் கிடந்த கோணிப்பையை எடுத்துத் தூர எறிந்தான். மருமகள் போய் மெல்ல சிலிண்டரைத் திருகி மூடினாள். அப்புறம் அந்த அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றாள் கவுன்சில் பெண். "நான் போயிட்டு..."

"போயிட்டு எப்ப வருவ?" வயதைப் பார்த்தோ என்னவோ, அவளுக்கு மரியாதையெல்லாம் கழன்றுவிட்டது. "இன்னிக்குத்தான் கடைசித் தேதின்னு சொன்னீங்க. எழுதாம போனா என்ன ஆகும்? மறைக்காம சொல்லு தாயி."

அந்தப் பெண் மறைக்கவில்லை. "ஃபைல் இடிக்கிற பிரிவுக்குப் போயிரும். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

"பெட்ரூம்னா என்ன குறை?"

"ஜன்னல் ஒண்ணுதான். ஒரு ஆபத்துன்னா உள்ள இருக்கிற ஆள் அது வழியா வெளிய வரணும். இதுல பூனைகூட வராது." சொல்லிவிட்டுத் தயங்கினாள். "வேலை நடந்துக்கிட்டிருக்குன்னா அப்படியே எழுதிட்டுத் தவணை கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா நடக்காத வேலையை நடக்குதுன்னு எழுத மாட்டேன். நீங்க பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னீங்க. நானும் போட மாட்டேன்."

"எதை உடைக்கணும்?"

"அம்மா..." என்றான் மகன்.

"நீ சும்மா இரு. சொல்லும்மா, எதை உடைக்கணும்?"

"மேல தொடக்கூடாது, மேல பாரம் இருக்கு. அகலம் இருக்கு, உயரம்தான் இல்ல. ஜன்னலுக்குக் கீழ இருக்கிற சுவரை எடுத்தா போதும்." அந்தப் பெண் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து ஜன்னலுக்கு அடியில், அதன் அகலத்துக்கே, அதன் விளிம்பிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் ஒரு கட்டம் போட்டாள்.

மனைவி அதுவரை விடாமல் பிடித்திருந்த கையை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து அவருடைய பெட்டியை இழுத்தாள். உளி எது, சுத்தியல் எது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை லீவு நாள் அதையெல்லாம் அந்தக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், முனகிக்கொண்டேயானாலும். புடவையை இழுத்துச் செருகினாள். கோட்டின் மேல் உளியை வைத்தாள். தடுக்கப் போன மகனை மருமகள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

ஓங்கி ஒரு அடி.

அந்தச் சின்ன அறைக்குள் அது இடி விழுந்த மாதிரி கேட்டது. அடித்த மறுகணமே அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்படியே படுத்திருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பகல்பொழுதிலும் அழாத மாதிரி அழுதாள். அழுதுகொண்டே இரண்டாவது அடி, மூன்றாவது அடி.

உளி வழுக்கிக்கொண்டு போனது. பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான். செங்கல் இருந்த இடத்தில் இருந்தது.

"அடப் பாவி மனுஷா," என்றாள் மூச்சு வாங்க. "எதைப் போட்டுய்யா பிசைஞ்ச?"

மகனுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "தள்ளும்மா, நான் பார்க்கிறேன்." சட்டையைக் கழற்றி வாளியின் மேல் போட்டுவிட்டு அவன் இறங்கினான். கைக்கு வலுவுள்ள பையன்தான், சுத்தியலின் பிடி ஆட்டம் கண்டதே தவிர சுவர் மசியவில்லை. பிளான்காரர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து வந்தார், "ஜாயின்ட்ல வைங்க தம்பி, ஜாயின்ட்ல," என்று. அவர் அடித்ததில் உளியின் முனை மழுங்கியது.

கவுன்சில் பெண் சுவரோடு முகத்தை வைத்து உற்றுப் பார்த்தாள். பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலால் தடவினாள். அதை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். உறுதிமொழித் தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுவிட்டு, வேறொரு தாளை எடுத்து எழுதினாள். மருமகள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தாள். "படுக்கை அறை. ஜன்னலைப் பெரிதாக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது."

"முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க, நானே வரேன்," என்றாள் அந்தப் பெண். போகும்போது பூட்ஸ் சத்தம் கேட்காமல் அடி வைத்துப் போனாள். கட்டிலைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, தலையைத் தாழ்த்திவிட்டுக் கதவைத் தாண்டினாள்.

நர்ஸுக்கு ஆள் போயிற்று. சொல்லவேண்டியவர்களுக்கு மருமகள் ஒவ்வொருவராகப் போன் செய்தாள். "ஆமா சித்தி, இப்பதான். இல்ல, அது வேற சத்தம். வாங்க, வந்தா சொல்றேன்."

அவர் மனைவி சைக்கிளையும் வாளியையும் விசிறியையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். அறை பழையபடி அறையாயிற்று. ஒரு துணியை நனைத்துக் கொண்டுவந்து, அவர் முகத்தில் படிந்திருந்த பூச்சுத் தூளைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, மகன் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அது மறுபடி வந்து படிந்தது. நிறுத்தச் சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள் மருமகள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கின. உள்ளே இன்னும் முதல் செங்கல் வரவில்லை.